உட்காரும் இடம்

என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவதற்கென்றே ஒருத்தி எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் எக்ஸ்ரே எடுப்பவன். வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் காயத்துக்குக் கட்டுப் போடும் அறை, அதை ஒட்டி என் அறை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும், டாக்டர் பாதி கேட்கும்போதே என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். நான் படம் எடுப்பேன். படத்தில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வந்தவர் பெஞ்சில் கோணலாக உட்கார்ந்து அரை நாளைக் கழிப்பார். பிறகு ஓர் ஊசி, கொஞ்சம் மாத்திரை, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று ஒரு ஆசீர்வாதம். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான்.

அப்படிப் படுத்துப் படுத்து அலுத்துப்போன பிறகு அவர்கள் போய்ச் சேரும் இடம் கீழ்த்தளத்தில் இருந்த பிசியோதெரபி கூடம். அங்கேதான் இவள் பல வருடம் வேலை பார்த்தாள். வருகிறவர்களில் பாதிப் பேர் குனிய பயம், நிமிர பயம், தும்ம பயம் என்ற நிலையில் வந்தார்கள். இவளுக்குப் பொறுக்கவில்லை. அவசரப் பிரிவின் பெரிய டாக்டரைப் பார்க்கும் இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டு, "வந்த அன்னிக்கே என்கிட்ட குடுங்க சார். கெட்டுப்போன பிறகு குடுத்தா நான் என்ன செய்வேன்?" என்று நச்சரித்தாள். லிஃப்டில் கேட்டாள், வண்டி நிறுத்துமிடத்தில் கேட்டாள். பாவம், ஒருமுறை நைட் டியூட்டி முடிந்து பல் விளக்கும் பிரஷ்ஷோடு நின்ற மனிதரிடமும் கேட்டாள்.

அவருக்குக் காது வலித்திருக்க வேண்டும். "சரிம்மா, கொஞ்ச காலம் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா மறுபடி கீழயே போயிடணும்" என்றார். சக்கர நாற்காலிகள் நிறுத்தும் மூலைக்கும் குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மேஜை கிடைத்தது. அவளுக்கு அரண்மனை கிடைத்தது போல் சந்தோஷம்.

ஆள் குள்ளம். குரல் மட்டும் நெடுநெடுவென்று இருக்கும். கொண்டையில் ஒரு பேனா எப்போதும் செருகியிருக்கும். அதையே தேடிக்கொண்டும் இருப்பாள். நோயாளியைப் பார்த்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை "எந்திரிங்க". அதனால் நர்ஸுகள் அவளுக்கு 'எந்திரி அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வந்த புதிதில் ஒரு பெயின்டர் இரண்டாக மடிந்து உள்ளே வந்தார். சட்டையெல்லாம் பச்சைப் பெயின்ட். மெல்ல உட்காரவைத்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எந்திரிங்கண்ணே."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏம்மா இங்க வரப்போறேன்?"

"அதுவும் நியாயம்தான். சரி, முடியாமலே எந்திரிங்க."

அவர் முறைத்தார். அவள் அசரவில்லை. "எலும்பு எங்கயும் ஓடிப்போகல. சதை பயந்துபோய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நீங்களும் சேர்ந்து பயந்தா அது விடுமா? ஆளுக்கொரு பக்கம் பயந்துக்கிட்டு இருந்தா வேலை ஆகாது" என்று கையைக் கொடுத்தாள். தண்ணீர் இயந்திரம் வரை நடக்கவைத்தாள். ஒரு டம்ளர் குடிக்கவைத்தாள். அதுவரை வந்தவர், "வந்தது வந்தாச்சு, வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று தானாகவே நடந்தார். திரும்பி வந்து அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது.

"எக்ஸ்ரே எடுக்கலையாம்மா?"

"உங்களுக்கு வேணாம்ணே. படம் பிடிக்கணும்னா ஸ்டுடியோல போய்ச் சட்டையை மாத்திக்கிட்டுப் பிடிங்க."

என் அறை வாசலில் இருந்த கூட்டம் கரைந்தது. உட்கார்ந்து பழக்கமில்லாதவன் நான். மேஜையைத் துடைத்தேன், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். வீட்டில் போய்ப் புலம்பினால் என் மனைவி, "வேலை கொறைஞ்சுபோச்சேன்னு அழுவுற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே பேருந்து. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவள் விட்டால்தானே. பக்கத்தில் வந்து அமர்ந்து, முன் இருக்கையில் இருக்கிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், பர்ஸை எந்தப் பையில் வைத்திருக்கிறார் என்று வர்ணனை செய்வாள். அப்படித்தான் ஒரு நாள் அவள் வீட்டுக்காரர் கதையும் வந்தது. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்த்த டாக்டர் அசையாமல் படுக்கச் சொன்னார். இவள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்.

"படுத்தார்ணே. சாப்பாடு கட்டிலுக்கே வந்துச்சு, ரேடியோ தலைமாட்டுக்கே வந்துச்சு. எங்க மாமியார் விசிறிவிட்டாங்க. எந்த மகாராஜா எந்திரிப்பார்?" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அப்புறம் எந்திரிக்க ஆசைப்பட்டப்ப பயம் விடல. ஷூ கயிறு கட்டக் குனிய மாட்டார். பொறந்த பிள்ளையத் தூக்க மாட்டார், தள்ளி நின்னு பாப்பார். முதல் நாளே ஒருத்தர் வந்து, உனக்கு ஒண்ணுமில்ல, எந்திரிச்சு நடய்யான்னு சொல்லியிருந்தா அவர் எம்பொண்ணைத் தூக்கி வளத்திருப்பார்ணே."

அன்றைக்குத்தான் அவள் ஏன் அந்த மேஜைக்கு அப்படி அலைந்தாள் என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் மேஜையைத் துடைப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி அவள் மாட்டிக்கொண்ட கதை.

இடுப்பு வலியோடு வருகிற எல்லோரையும் எழுப்பி நடக்கவிட முடியாது. அபூர்வமாகச் சிலருக்கு முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கும். அவர்களுக்கு ஸ்கேன் எடுத்து உடனடியாக ஆபரேஷன் செய்யாவிட்டால் காலும் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். அதைக் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, உட்காரும்போது தரையில் படும் பாகத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பது. இதைத் தமிழில் எப்படிக் கேட்பது? ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடி கேட்டாள். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "என்னம்மா கேள்வி இது!" என்று எழுந்தே போய்விட்டார். ("எப்படியோ எந்திரிச்சார் இல்ல" என்றாள் இவள்.) ஓர் அம்மா தன் மகளின் காதைப் பொத்தினாள். அதனால் இவள் யோசித்து, மரியாதையாக ஒரு கேள்வி தயாரித்தாள். "உக்கார்ற இடம் மரத்திருக்கா?"

அழகான கேள்வி. யார் மனமும் புண்படவில்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்டர்காரர் வரும் வரையில்.

மதிய நேரம், பயங்கரக் கூட்டம். ஒரு பக்கம் குழந்தை அழுகிறது, இன்னொரு பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சருக்குச் சண்டை போடுகிறார்கள். கவுன்டர்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இவள் கேட்டாள்.

"உக்கார்ற இடம் மரத்திருக்காண்ணே?"

"ஆமாம்மா. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

அவள் நிமிர்ந்தாள். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தாம்மா. பின்னாடியும்."

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?"

"அதை ஏம்மா கேக்குற. அடக்கி அடக்கி, கடைசியில போய் நின்னா வரவே மாட்டேங்குது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான். அசையாதீர்கள் என்றாள். எல்லோரையும் எழுப்புகிறவள் அவரை மட்டும் பலகையில் படுக்கவைத்தாள். ஸ்கேன் அறைக்குள் இருந்தவரை வெளியே எடுத்தார்கள். முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு, நாங்கள் 'கத்தி டாக்டர்' என்போம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் போன் பறந்தது. கவுன்டர்காரரின் மனைவி என்ன ஏதென்று புரியாமலே பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

கத்தி டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "எப்பலேருந்து மரத்திருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே மரம்தான் சார். கையும் மரம், முதுகுச் சாய்மானமும் மரம். குஷன் போட்டுக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா?"

அழுதுகொண்டிருந்த மனைவிகூட நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணுக்கு?" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரிசை நிக்கும்போது கவுன்டரை விட்டு எப்படி சார் எந்திரிக்கிறது?"

டாக்டர் அங்கேயே ஒரு பஞ்சை எடுத்துச் சோதித்தார். உணர்ச்சியெல்லாம் கச்சிதமாக இருந்தது. மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். "தொட்டுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. கூட்டத்துக்கு நடுவே திரை இல்லை, நேரம் போய்விடுமே என்ற பதற்றம், தொட்டுப் பார்க்கவில்லை. அவர் வெளுத்து வாங்கியிருந்தால்கூடத் தேவலை. கையைக் கழுவிக்கொண்டு மீதிச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மற்றவளாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் திரும்பி வந்து, கவுன்டர்காரரைப் பலகையிலிருந்து இறக்கி நடக்கவைத்து, ஒண்ணுக்கை அடக்கக் கூடாது என்று புத்தி சொல்லித்தான் அனுப்பினாள். அவர் போகும்போது, "அந்த நாற்காலி விஷயத்தை நீங்க மேல எழுதுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கதை கேன்டீனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் முதல் அவள் எங்கே உட்காரப் போனாலும், "பாத்து அக்கா, அது மரம்", "அக்கா, இது பிளாஸ்டிக், பயப்படாதீங்க" என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள். நானும்தான் ஓட்டினேன். அவளும் கூடவே சிரித்தாள். கேள்வியை மாற்றிக்கொண்டாள். எந்நேரமும் பஞ்சு வைத்துக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு பழைய திரையையும் இழுத்து வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் என் அறை வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. அவள் கையெழுத்தில் சீட்டு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. பெஞ்சில் மறுபடி கோணல் கோணலாக ஆட்கள். கேட்டால், "எதுக்கும் ஒரு படம் பாத்துக்கலாம்னு எந்திரி அக்கா சொன்னாங்க" என்றார்கள். எதுக்கும்! அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் கேட்டு, பஞ்சால் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரிந்த பிறகும், எதுக்கும் ஒரு படம்.

எனக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்துவிட்டதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பேருந்தில் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா? ஏன் என் உயிரை வாங்குற?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "பயமா இருக்குண்ணே. அன்னிக்கு இல்லாததை இருக்குன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, போகட்டும். நாளைக்கு இருக்கிறதை இல்லன்னு சொல்லி ஒருத்தரை நடக்கவிட்டுட்டா? யாராவது சிரிப்பாங்களா?"

நான் படம் எடுக்கிறவன், தைரியம் கொடுக்கிறவன் இல்லை. "அதுக்காக எல்லாருக்குமா?" என்றேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. முன் இருக்கைக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்றும் பார்க்கவில்லை.

கத்தி டாக்டர் பெரிய டாக்டரிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. "அந்தம்மாவும் எல்லாரையும் எக்ஸ்ரேக்குத்தான் அனுப்புறாங்க. அதுக்கு நம்ம ஆளுங்களே போதுமே?" பேச்சில் குற்றம் சொல்ல முடியாது. பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு நாள் குறித்தார். அன்று சாயங்காலம் அவர் அறையில் முடிவு சொல்லிவிடுவதாக ஏற்பாடு. இருப்பாளா, கீழ்த்தளத்துக்குப் போவாளா. அன்றைக்குக் காலையிலிருந்தே மேஜையில் இருந்த சாமான்களை ஒரு பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சாயங்காலம்தான் என் இடுப்பு என்னைக் கைவிட்டது.

ஒரு கனத்த ஆளைத் தூக்கும்போது என்றால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். இடுப்பில் யாரோ முறுக்கிப் பூட்டிவிட்ட மாதிரி. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். "அசையாதீங்க சார், அசையாதீங்க!" என்று அவள் கத்தியதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விட்டது. எத்தனை முதுகெலும்புகளைப் படமாகப் பார்த்தவன் நான்! ஒன்றும் இராது என்று மற்றவர்களைக் கேலி பேசியவன்! அந்த நிமிடத்தில் என் முதுகில் ஒரு எலும்பு கழன்று விழுந்துவிட்டது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். இனி எழவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி முகம் வந்து போனது.

எந்திரி அக்கா அந்நேரம் முடிவு கேட்கப் பெரிய டாக்டரின் அறைக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். மேஜையில் என்னைச் சாய்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல், விழுந்தது, எடை குறைந்தது எல்லாம் கேட்டுவிட்டு, "போயிட்டு வந்து கழுவும்போது கை படுறது தெரியுதாண்ணே?" என்றாள்.

"கர்மம், தெரியுது."

கால் கட்டைவிரலை அழுத்தச் சொன்னாள். முட்டியில் தட்டினாள். பஞ்சை எடுத்தாள். அந்தக் கூச்சத்தை இங்கே எழுத மாட்டேன். எல்லாம் முடிந்து அவள் கையைக் கழுவும்போது நான் கெஞ்சினேன்.

"மெஷின் இங்கயே இருக்கும்மா. எதுக்கும் ஒரு படம் எடுத்துடச் சொல்லு."

அவள் கை சீட்டுப் புத்தகத்தின் மேல் போனது. கொண்டையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டாள். நானே கேட்கிறேன், என்னுடைய மெஷின், யாரும் குறை சொல்லப்போவதில்லை. எழுதியிருந்தால் அவள் மேல் ஒரு தூசு படாது. மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனாவை மறுபடி கொண்டையில் செருகினாள்.

"எதுக்கு?" என்றாள்.

"எதுக்கும்னு சொன்னேன்."

"அதான் எதுக்குன்னு கேக்குறேன். எதைத் தேடுறதுக்கு? சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அதைத்தான் சொன்னேன். 'பயத்துக்குப் படம் எடுக்க முடியாதுண்ணே' என்று வசனம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள், "எனக்கும்தான் பயமா இருக்கு. எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். அந்த எழுச்சியில் அவள் பரம்பரையையே திட்டினேன். "வேற முதுகே கெடைக்கலையா உனக்கு? எவனாவது உன்னை நம்பி வருவானா?" என்று திட்டத் திட்ட, "திட்டுங்க, ஆனா நிக்காம திட்டுங்க" என்று கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். முதல் சில அடிகள் நரகம். அப்புறம் அந்த முறுக்கு கொஞ்சம் இளகியது. பொய் சொல்லவில்லை, வலித்தது, ஆனால் கால் என் சொல்பேச்சைக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வராந்தாவின் கோடியில் பெரிய டாக்டர் வந்து நின்றார். காத்திருந்து பார்த்து, அவரே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னம்மா, உங்களுக்காக அங்க உக்காந்திருக்கேன்."

"மன்னிச்சுக்குங்க சார். இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படம் எடுத்தாச்சா?"

"இல்ல சார். தேவைப்படல."

"அவர் கையிலயே மெஷின் இருக்கு. எடுத்துப் பாத்திருக்கலாமே? ராத்திரி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. இப்போது 'எதுக்கும்' வந்துவிடும் என்று நினைத்தேன்.

"எல்லாம் கேட்டாச்சு, தொட்டும் பாத்தாச்சு சார். எது மாறினா உடனே வரணும்னு சொல்லி அனுப்புவேன். இல்லன்னாலும் நாளைக்குக் காலையில வந்து என்கிட்ட காட்டிட்டுத்தான் வேலைக்குப் போவார். நான் இங்கதான இருப்பேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் இடுப்பு வலித்தது.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"ஆமா" என்றார். "இங்கதான் இருக்கணும்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அவள் அப்படியே நின்றாள். எனக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் கை தட்டலாம் போல் இருந்தது. ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நின்னது போதும்ணே, நடங்க" என்றாள். குரல் மட்டும் உடைந்திருந்தது.